இன்ஜின் ஆயில் அதிகமாகிவிட்டால் காருக்கு என்ன ஆகும்? டிப்ஸ்டிக் சொல்லும் எச்சரிக்கை... உடனே செய்ய வேண்டியது என்ன?

"சார், கேன்ல இன்னும் முக்கால் லிட்டர் மிச்சம் இருக்கு. அதையும் ஊத்திடவா?"

ஆயில் சேஞ்ச் செய்யும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. காசு கொடுத்து வாங்கியாச்சு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் என்ன பண்ணப் போறோம், இருக்கட்டும் ஊத்திடுங்க என்று பலரும் தலையாட்டி விடுவார்கள். கூடுதலாக ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லதுதானே என்ற எண்ணமும் அதில் கலந்திருக்கும்.

ஆனால் உண்மை அப்படி இல்லை. ஆயில் குறைந்தால் இன்ஜின் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயில் கூடினாலும் இன்ஜின் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஊற்றிய ஆயில் அதிகமாக இருப்பது ஒரு வகை. ஊற்றாமலேயே ஆயில் அளவு தானாக ஏறுவது இன்னொரு வகை. இரண்டாவது வகைதான் பெரிய செலவில் கொண்டுபோய் விடும்.

ஏன் இப்படி நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, வண்டியை ஓட்டலாமா கூடாதா, எப்படி எடுப்பது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

எவ்வளவு ஆயில்தான் தேவை?

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சிறிய பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 4 லிட்டர் வரை பிடிக்கும். பெரிய டீசல் எஸ்யூவி வண்டிகளுக்கு 5 லிட்டருக்கு மேலும் தேவைப்படும். சரியான அளவு காருடன் வரும் ஓனர்ஸ் மேனுவலில் அச்சிடப்பட்டிருக்கும். ஃபில்டர் மாற்றினால் ஓர் அளவு, மாற்றாவிட்டால் அதைவிடச் சற்றுக் குறைவு என இரண்டு எண்கள் கொடுத்திருப்பார்கள்.

இங்குதான் முதல் தவறு நடக்கிறது. கடையில் கிடைப்பது 3 லிட்டர், 3.5 லிட்டர், 4 லிட்டர் கேன். இன்ஜினுக்குத் தேவை 3.1 லிட்டர் என்றால், 4 லிட்டர் கேனை முழுதாகக் கவிழ்த்தால் கிட்டத்தட்ட 900 மில்லி கூடுதல். அதாவது தேவையைவிட கால் பங்குக்கும் மேல் அதிகம்.

டிப்ஸ்டிக்கை எப்படிப் பார்ப்பது?

பானெட்டைத் திறந்தால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற வளையம் போட்ட ஒரு பிடி தெரியும். அதுதான் டிப்ஸ்டிக். மெக்கானிக்குகள் சிலர் 'ஆயில் கேஜ்' என்பார்கள். அதன் நுனியில் இரண்டு கோடுகளோ, இரண்டு துளைகளோ, மின், மேக்ஸ் என்ற எழுத்துகளோ இருக்கும். ஆயில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

பார்க்கும் முறை இதுதான்:

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். வீட்டு வாசல் சாய்தளத்தில் பார்த்தால் அளவு தப்பாகவே காட்டும்.

2. இன்ஜின் சூடாகும் வரை ஓட்டிவிட்டு ஆஃப் செய்யுங்கள். பிறகு 5 முதல் 10 நிமிடம் காத்திருங்கள். மேலே ஏறிய ஆயில் கீழே இறங்க இந்த நேரம் தேவை. சில கார்களில் இன்ஜின் குளிர்ந்த நிலையில் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். உங்கள் கார் மேனுவல் என்ன சொல்கிறதோ அதைப் பின்பற்றுங்கள்.

3. டிப்ஸ்டிக்கை உருவி, சுத்தமான துணியால் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். முதல் தடவை எடுத்ததும் தெரிவது சரியான அளவு அல்ல.

4. இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மேலாகவும் இன்னொரு பக்கம் கீழாகவும் தெரிந்தால், சற்றுப் பொறுத்து மீண்டும் பாருங்கள்.

இன்ஜினை ஆஃப் செய்த மறு நொடியே பார்த்தால் ஆயிலில் ஒரு பகுதி மேலேயே நின்றிருக்கும். டிப்ஸ்டிக்கில் குறைவாகத் தெரியும். "அண்ணே, லெவல் கம்மியா இருக்கு" என்று யாராவது சொல்ல, அரை லிட்டர் டாப் அப் செய்துவிடுவார்கள். உண்மையில் அளவு சரியாகவே இருந்திருக்கும். தேவையில்லாமல் ஆயில் கூடுவதற்கு இந்த அவசரம் ஒரு முக்கியக் காரணம்.

சில நவீன சொகுசுக் கார்களில் டிப்ஸ்டிக்கே இருக்காது. டேஷ்போர்டு திரையில்தான் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். சென்சார் காட்டும் அந்த அளவையும் மேனுவல் சொல்லும் முறைப்படி, சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பார்ப்பதே சரி.

கூடினால் உள்ளே என்ன நடக்கும்?

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டிக்கு சம்ப் என்று பெயர். ஒர்க்ஷாப் பேச்சில் 'சேம்பர்'. அதற்குச் சற்று மேலே கிராங்க்ஷாஃப்ட் சுழல்கிறது. 3,000 ஆர்பிஎம் என்றால் அது ஒரு நொடிக்கு 50 முறை சுற்றுகிறது என்று அர்த்தம்.

சரியான அளவில் இருந்தால் ஆயில் கீழே அமைதியாக நிற்கும், பம்ப் அதை உறிஞ்சி மேலே அனுப்பும். அளவு கூடினால், வேகமாகச் சுழலும் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலில் மோத ஆரம்பிக்கும். மோர் கடையும்போது நுரை பொங்குவது போல, ஆயிலுக்குள் காற்று புகுந்து நுரைத்துவிடும்.

பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது. ஆயில் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் காற்றுக் குமிழ் அமுங்கிவிடும். நுரையை உறிஞ்சும் பம்பால் போதிய அழுத்தத்தைக் கொடுக்க முடியாது. பேரிங், கேம்ஷாஃப்ட், டர்போ போன்ற இடங்களில் ஆயில் படலம் மெலிந்து, உலோகம் உலோகத்தோடு உரசும். அதாவது ஆயில் நிறைய இருந்தும், ஆயில் இல்லாத இன்ஜின் படும் பாட்டையே இந்த இன்ஜினும் படும்.

இன்னொரு பாதிப்பும் உண்டு. இன்ஜினுக்குள் உருவாகும் வாயுவை வெளியேற்ற ஒரு பிரீதர் குழாய் இருக்கிறது. அது அந்த வாயுவை மீண்டும் காற்று உள்ளே போகும் பாதைக்கே அனுப்பும். ஆயில் அளவு கூடும்போது, வாயுவுடன் ஆயில் துளிகளும் அந்த வழியாகப் போய் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். சைலன்சரில் நீலப் புகை வரும். ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். நாளடைவில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெட்டுப்போகும். அதை மாற்றுவது ஆயில் கேன் விலையோடு ஒப்பிடவே முடியாத செலவு.

உள்ளே அழுத்தம் கூடினால், ஏற்கெனவே தேய்ந்திருக்கும் ஆயில் சீல், கேஸ்கட் வழியாகக் கசிவும் ஆரம்பிக்கலாம்.

என்னென்ன அறிகுறிகள்?

* சைலன்சரில் நீலம் கலந்த புகை, குறிப்பாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது
* எரிந்த ஆயில் வாடை
* பிக்அப் குறைவது, மைலேஜ் குறைவது
* இன்ஜினில் 'டிக் டிக்' என்று புதிதாகக் கேட்கும் சத்தம்
* வண்டி நின்ற இடத்தில் ஆயில் சொட்டு
* ஏர் ஃபில்டர் பெட்டியில் அல்லது டர்போ குழாயில் ஆயில் ஈரம்
* டேஷ்போர்டில் சிவப்பு நிற ஆயில் விளக்கு எரிவது

கடைசி அறிகுறியில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. அலாவுதீன் விளக்கு போலிருக்கும் அந்தச் சிவப்பு அடையாளம் காட்டுவது ஆயில் அளவை அல்ல, ஆயில் அழுத்தத்தை. நுரைத்துப்போன ஆயிலாலும் அந்த விளக்கு எரியலாம். அதைப் பார்த்து "ஆயில் கம்மி போல" என்று நினைத்து இன்னும் ஊற்றினால் நிலைமை மோசமாகும். அந்த விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை ஆஃப் செய்வது முதல் வேலை. டிப்ஸ்டிக்கைப் பார்ப்பது இரண்டாவது வேலை. அளவு தெரியாமல் ஆயில் ஊற்றவே கூடாது.

எவ்வளவு கூடினால் ஆபத்து?

மேல் கோட்டைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே இருந்தால் பெரும்பாலான கார்களில் பதற்றப்பட வேண்டியதில்லை. வண்டியைச் சமதளத்தில் வைத்து மறுநாள் மீண்டும் சரிபார்த்தால் போதும்.

அதற்கு மேல் போனால் எடுத்துவிடுவதே பாதுகாப்பு. அரை லிட்டர் அளவுக்குக் கூடியிருப்பது தெரிந்தால், எடுக்கும் வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இருப்பது நல்லது.

எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை வீட்டிலேயே தோராயமாகக் கணக்கிடலாம். பல கார்களில் மின் கோட்டுக்கும் மேக்ஸ் கோட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஏறக்குறைய 1 லிட்டர். சரியான எண் மேனுவலில் இருக்கும். அந்த இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மில்லிமீட்டரும் சுமார் 50 மில்லி. மேல் கோட்டைவிட 8 மில்லிமீட்டர் மேலே ஆயில் இருந்தால், சுமார் 400 மில்லி கூடுதல். சம்பின் வடிவத்தைப் பொறுத்து இது முன்னே பின்னே மாறும். ஆனாலும் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று ஒரு பிடிமானம் கிடைக்கும்.

"ஓட ஓட தானா குறைஞ்சிடும்" என்பது சரியா?

இது மெக்கானிக் கடைகளில் அடிக்கடி கேட்கும் சமாதானம். நல்ல நிலையில் இருக்கும் நவீன இன்ஜின் ஆயிலை மிக மெதுவாகத்தான் குடிக்கும். அரை லிட்டர் குறைய ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆகலாம். அத்தனை தூரமும் நுரைத்த ஆயிலோடு இன்ஜின் ஓட வேண்டியிருக்கும். வேகமாகக் குறைந்தால் அதுவும் நல்ல செய்தி அல்ல. அந்த ஆயில் எரிந்து சைலன்சர் வழியாகப் போகிறது, அல்லது எங்கோ கசிகிறது என்றே அர்த்தம்.

ஊற்றாமலேயே அளவு ஏறுகிறதா? இதுதான் பெரிய எச்சரிக்கை

ஆயில் பொதுவாகக் குறையும். ஏறாது. போன மாதம் நடுவில் இருந்தது, இந்த மாதம் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறது, நடுவில் யாரும் ஊற்றவில்லை என்றால், வேறு ஏதோ ஒன்று ஆயிலில் கலக்கிறது என்று பொருள். அது மூன்றில் ஒன்றாக இருக்கும்: எரிபொருள், கூலன்ட், வெளித் தண்ணீர்.

1. டீசல் கலப்பது: இந்தியா முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி அமலுக்கு வந்தது. அதன்பின் வந்த டீசல் கார்களில் புகையில் உள்ள கரியைப் பிடித்து வைக்க டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்ததும் வண்டி ஓடும்போதே அதைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்த வெப்பத்துக்காகப் பல கார்களில் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது.

நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது சிக்கலே இல்லை. ஆனால் தினமும் ஆபீஸுக்கு 4 கிலோமீட்டர், சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகும் வண்டியில் இந்தச் சுத்திகரிப்பு பாதியிலேயே நின்றுபோகும். மறுநாள் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். எரியாத டீசல் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்கும். அளவு ஏறும், ஆயில் நீர்த்துப்போகும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். மாஸ்டா நிறுவனத்தின் டீசல் கார்களில் இதற்காகவே டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் மேலே 'எக்ஸ்' என்று ஒரு குறி உண்டு. ஆயில் அங்கே தொட்டால் உடனே மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

இதில் கொஞ்சம் ஆயிலை எடுத்துவிட்டால் வேலை முடியாது. உள்ளே இருப்பது நீர்த்த ஆயில். முழுதாக மாற்ற வேண்டும். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் மேனுவலில் சொன்னபடி சற்று வேகமான சாலையில் தொடர்ந்து ஓட்டி, சுத்திகரிப்பு முடியும் வரை விட வேண்டும். டிபிஎஃப் வண்டிகளுக்கென்று உள்ள, சாம்பல் குறைவாக உண்டாக்கும் ஆயிலையே ஊற்ற வேண்டும்.

2. பெட்ரோல் கலப்பது: இது டீசல் கார்களின் பிரச்னை மட்டுமல்ல. 2018-ல் சீனாவில் ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் பொருத்திய சிஆர்-வி கார்களில் ஆயில் அளவு ஏறுவதாகப் புகார்கள் குவிந்தன. கடுங்குளிரில் குறைந்த தூரம் ஓடும்போது இன்ஜின் முழுதாகச் சூடாகாமல் பெட்ரோல் ஆயிலில் கலந்ததே காரணம். அந்த நிறுவனம் அங்கே லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் அந்தக் குளிர் இல்லை. ஆனால் கசியும் இன்ஜெக்டர் இருந்தால் இங்கேயும் பெட்ரோல் ஆயிலில் இறங்கும்.

3. கூலன்ட் கலப்பது: கூலன்ட் தொட்டியில் அளவு இறங்குகிறது, ஆயில் அளவு ஏறுகிறது என்றால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், ஆயில் கூலர் உடைந்திருக்கலாம். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் வழவழப்பாகப் படிந்திருக்கும். குளிர் காலத்தில் மூடியில் மட்டும் லேசாகப் படிவது ஈரப்பதத்தால் ஆகலாம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால் வண்டியை ஓட்டக் கூடாது.

4. வெள்ளநீர் புகுவது: 2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களும் வெள்ளத்தைப் பார்த்தன. தண்ணீர் வடிந்ததும் பலரும் முதலில் செய்ய நினைப்பது "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்க்கலாம்" என்பதுதான். அதைத்தான் செய்யவே கூடாது.

வெள்ளநீர் காற்றுக் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் போயிருந்தால், ஸ்டார்ட் செய்தவுடன் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் மோதும். தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயில் சம்பிலும் தண்ணீர் புகுந்திருக்கலாம். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. அதனால் அது அடியில் தங்கி, ஆயிலை மேலே தள்ளும். டிப்ஸ்டிக்கில் அளவு கூடித் தெரிவது அதனால்தான்.

இதில் பணம் சார்ந்த ஒரு விஷயமும் இருக்கிறது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தால், சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் வாய்ப்பு. அதனால் வண்டியைத் தொடாமல் போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லி, டோ செய்து ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போவதே சரி.

டீசல் வண்டியில் இன்னொரு ஆபத்து: சாவியைத் திருப்பினாலும் நிற்காத இன்ஜின்

பெட்ரோல் இன்ஜினில் சாவியை ஆஃப் செய்தால் ஸ்பார்க் நின்றுவிடும், இன்ஜினும் நின்றுவிடும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் கிடையாது. அழுத்தத்தில் சூடான காற்றே எரிபொருளைப் பற்ற வைக்கிறது. கூடுதலான இன்ஜின் ஆயில் காற்றுப் பாதை வழியாக உள்ளே போனால், அந்த ஆயிலையே எரிபொருளாக்கிக் கொண்டு இன்ஜின் ஓட ஆரம்பிக்கும். சாவியை எடுத்தாலும் நிற்காது. வேகம் தானாக ஏறிக்கொண்டே போகும். இதை 'ரன்அவே' என்கிறார்கள். பழுதான டர்போ சீல் இதற்கு முக்கியக் காரணம். ஆயில் அதிகமாக ஊற்றுவதும் ஒரு காரணம்.

இது அரிதாகவே நடக்கும். நடந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியை ஆஃப் செய்யுங்கள். மேனுவல் கியர் வண்டி என்றால், பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, உச்ச கியரில் போட்டு கிளட்சை விட்டால் இன்ஜின் அடங்கலாம். ஆட்டோமேட்டிக்கில் இது முடியாது. புதிய டீசல் கார்கள் பலவற்றில் ஆஃப் செய்ததும் காற்றுப் பாதையை மூடும் தகடு இருக்கிறது. எதுவும் பலிக்காவிட்டால் எல்லோரையும் இறக்கி, வண்டியை விட்டுத் தள்ளி நிற்பதே புத்திசாலித்தனம். பானெட்டைத் திறந்து கையை விடக் கூடாது.

கூடுதல் ஆயிலை எடுப்பது எப்படி?

முதலில் ஆயிலின் நிறத்தையும் வாடையையும் பாருங்கள். நிறம் சாதாரணம், எரிபொருள் வாடை இல்லை, அண்மையில்தான் ஆயில் மாற்றியது என்றால், ஊற்றும்போதே கூடியிருக்கிறது. கொஞ்சம் எடுத்தால் போதும். பால் நிறமோ டீசல் வாடையோ இருந்தால் எடுப்பதோடு நிறுத்தாமல் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சுலபமான வழி, டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சுவது. இதற்கென்று கை பம்ப், வாக்யூம் பம்ப் உண்டு. சிறிய அளவு என்றால், மெல்லிய பிளாஸ்டிக் குழாய் பொருத்திய பெரிய சிரிஞ்சே போதும். வாயால் உறிஞ்சவே கூடாது. சிறிது எடுத்து, சில நிமிடம் காத்திருந்து, டிப்ஸ்டிக்கைப் பார்த்து, மறுபடி எடுங்கள். அளவு தெரிய, எடுப்பதை மில்லி குறியிட்ட பாட்டிலில் விடுங்கள்.

இரண்டாவது வழி, அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைத் தளர்த்துவது. இது பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஆயில் சொட்டாக வராது, சட்டென்று கொட்டும். சூடாக இருந்தால் கை வெந்துவிடும். ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்த காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஜாக்கி சறுக்கினால் உயிருக்கே ஆபத்து. ஸ்டாண்டு போட்டே ஆக வேண்டும். போல்ட்டை மாட்டும்போது புது வாஷர் போடுவதும், அளவுக்கு மீறி முறுக்காமல் இருப்பதும் முக்கியம். மரை போய்விட்டால் சம்பையே மாற்ற வேண்டி வரும்.

ஆயில் ஃபில்டரைக் கழற்றி எடுப்பது மூன்றாவது வழி. ஃபில்டருக்குள் இருக்கும் ஆயில் வெளியேறும். ஆனால் எவ்வளவு வெளியேறும் என்பது கையில் இல்லாததால், பம்பு வைத்து எடுப்பதே மேல்.

எடுத்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. பயன்படுத்திய ஆயில் நாட்டின் 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. மூடிய கேனில் பிடித்து, வேஸ்ட் ஆயில் சேகரிக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டால்?

கூடுதல் ஆயிலோடு சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டதாலேயே இன்ஜின் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். நிறைய வண்டிகள் பாதிப்பில்லாமல் தப்பியிருக்கின்றன. ஆயிலைச் சரியான அளவுக்குக் கொண்டு வந்து, இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஏர் ஃபில்டரில் ஆயில் ஈரம் இருக்கிறதா, ஸ்பார்க் பிளக் கரி பிடித்திருக்கிறதா, கீழே கசிவு இருக்கிறதா, டர்போ குழாயில் ஆயில் தேங்கியிருக்கிறதா. அடுத்த சில நாள்கள் புகையையும், டிப்ஸ்டிக் அளவையும் கவனியுங்கள். புகையோ சத்தமோ தொடர்ந்தால் ஒர்க்ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

இன்னொரு விநோதமான தவறும் நடப்பதுண்டு. ஆயில் சேஞ்ச் செய்யும்போது இன்ஜின் டிரெயின் போல்ட்டுக்குப் பதிலாக, பக்கத்தில் இருக்கும் கியர்பாக்ஸ் டிரெயின் போல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். கியர்பாக்ஸ் காலியாகிவிடும். பழைய ஆயில் அப்படியே இருக்கும் இன்ஜினில் புது ஆயிலும் சேரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் இருமடங்குக்கு நிற்கும். ஆயில் மாற்றிய உடனே அளவு ஒரேயடியாக உயர்ந்திருந்தால், அதுவும் கியர் போடும்போது வித்தியாசமான சத்தம் கேட்டால், வண்டியை நகர்த்தாமல் கியர்பாக்ஸ் ஆயிலையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பைக், ஸ்கூட்டருக்கும் இதே கதைதான்

இருசக்கர வாகனங்களிலும் ஆயில் கூடினால் புகை, பிக்அப் குறைவு, ஏர் ஃபில்டரில் ஆயில் என்று அதே பிரச்னைகள் வரும். அளவு பார்க்கும்போது வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்க்காமல் நேராக நிறுத்த வேண்டும். டிப்ஸ்டிக்கை மரையில் திருகிப் பார்ப்பதா, திருகாமல் சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதைத் தெரியாமல் பார்த்தாலே அளவு தப்பிவிடும்.

சர்வீஸ் விடும்போது கேட்க வேண்டிய 4 கேள்விகள்

* என் இன்ஜினுக்கு ஃபில்டரோடு எத்தனை லிட்டர் பிடிக்கும்? மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.
* பில்லில் எத்தனை லிட்டர் போட்டிருக்கிறீர்கள்? மேனுவல் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால், மிச்ச ஆயில் எங்கே என்று கேளுங்கள்.
* ஃபில்டர் மாற்றினீர்களா? மாற்றாமல், மாற்றியதற்கான அளவை ஊற்றினாலும் ஆயில் கூடும்.
* டிப்ஸ்டிக்கைக் காட்ட முடியுமா? வண்டியை வெளியே எடுக்கும் முன்பு உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மிச்சமான ஆயிலைக் கேனோடு வாங்கிக்கொள்ளுங்கள். மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் வைத்தால் அடுத்த டாப் அப்புக்கு உதவும். மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்து அளவைப் போனில் குறித்து வைத்தால், ஆயில் குறைகிறதா, ஏறுகிறதா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆயில் ஊற்றும்போதும் ஒரேயடியாக ஊற்றாமல், 200 மில்லி ஊற்றி, காத்திருந்து, அளவு பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மறுபடி ஊற்றுங்கள். குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம், கூடினால் எடுப்பதுதான் கஷ்டம்.

அடுத்த முறை "மிச்சத்தையும் ஊத்திடவா?" என்று கேட்டால், "வேண்டாம், கேனைக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிடுங்கள். இன்ஜினுக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.